மூத்தவளை ஏன் முதலில் எழுப்பினேன்

வெயில் மண்டையைப் பிளக்கிற நாளில் ஒரு ஆள் ஸ்வெட்டரைக் கையில் பிடித்துக்கொண்டு பஸ் ஏறினால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? எங்கள் தெருவே சிரிக்கும். எதிர் வீட்டுத் தையல்காரர் ஒரு நாள் விடாமல், "என்ன சார், மலைக்கா?" என்று கேட்பார். நான் கோபித்துக்கொண்டதே இல்லை. சர்வர் அறையில் ஏசி ஓடுவது மெஷின்களுக்காக, மனிதர்களுக்காக இல்லை. மெஷின்களுக்குக் குளிர் வேண்டும் என்றால் நான் போர்த்திக்கொள்ள வேண்டியதுதான். அடுத்தவர் நல்லதுக்காகக் கொஞ்சம் கஷ்டப்படத் தயங்காத ஆள் நான். இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன், பின்னால் உதவும்.

உங்கள் சொந்த வார்த்தையில் எழுதிக் கொடுங்கள் என்று பேப்பரையும் பேனாவையும் வைத்துவிட்டுப் போனீர்கள், சார். சந்தோஷம். நீங்கள் விசாரணைப் பிரிவு, சர்வர் சமாசாரம் உங்களுக்குப் புதிது என்று உங்கள் கேள்விகளிலேயே தெரிந்தது. மின்சாரத்தைப் பற்றிக் கேட்டீர்கள், பேட்டரியைப் பற்றிக் கேட்டீர்கள், ஏசி மெக்கானிக்கைக் கூட விட்டுவைக்கவில்லை. கேட்க வேண்டிய கேள்வியை மட்டும் கேட்கவில்லை. பரவாயில்லை, நானே கேட்டு நானே பதில் சொல்கிறேன்.

எங்கள் கம்பெனி செய்தி எழுதுவதும் இல்லை, படிப்பதும் இல்லை. வாங்கி வைத்திருந்து கொடுப்போம், அவ்வளவுதான். பல் டாக்டரிடம் நேரம் கேட்கிற செய்தி, டாக்ஸி கூப்பிடுகிற செய்தி, வேலைக்கு வருகிறாயா என்று கேட்கிற கம்பெனிக்குப் போகிற பதில், எல்லாம் எங்களிடம் வந்து வரிசையில் நிற்கும். உரியவர் கை நீட்டியதும் கொடுத்துவிடுவோம். பெரும்பாலும் கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். உரியவருடைய போனோ கம்ப்யூட்டரோ அணைந்திருந்தால், அவர் திரும்பி வருகிற வரைக்கும் பத்திரமாக வைத்திருப்போம். நாங்கள் சம்பளம் வாங்குவது அந்தப் பத்திரத்துக்குத்தான்.

அந்தப் பத்திரம் மூன்று சர்வர்கள் கையில் இருக்கிறது. முன்பு அவற்றுக்கு எண்தான். பொறுப்பு என் கைக்கு வந்ததும் மூத்தவள், நடுவுள்ளவள், கடைக்குட்டி என்று பெயர் வைத்தேன். ஒரு செய்தி வந்தால் மூன்று பேரும் ஆளுக்கு ஒரு பிரதி வைத்துக்கொள்வார்கள். ஒருத்தி விழுந்தால் மற்ற இருவரும் சமாளிப்பார்கள். தலைவியாக இருந்தவளே விழுந்தால் இன்னொருத்தி தலைவி ஆகிவிடுவாள், இந்த விஷயத்தில் மட்டும் அவர்கள் மனிதர்களை விட மேல். விழுந்தவள் எழுந்ததும் தன் கையில் இருக்கும் பழசைக் கொட்டிவிட்டு, நடந்ததை எல்லாம் தலைவியிடம் கேட்டு எழுதிக்கொள்வாள். யார் முழித்திருக்கிறார்கள் என்று தெரிவதற்காக மூன்று பேரும் ஒருவருக்கொருவர் "இருக்கேன், இருக்கேன்" என்று ஓயாமல் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். சத்தம் நின்றால் ஆள் விழுந்துவிட்டாள் என்று அர்த்தம்.

கஷ்டம் எப்போது வரும் என்றால், மூன்று பேரையும் ஒரே நாளில் அணைத்துத் தூங்க வைக்க வேண்டி வந்தால். அதற்கு ஒரு விதி உண்டு. கடைசியாகத் தூங்கியவளைத்தான் முதலில் எழுப்ப வேண்டும். காரணம் ரொம்பச் சின்னது. மற்ற இருவரும் கண்ணை மூடிய பிறகு என்ன வந்தது என்று அவளுக்கு மட்டும்தான் தெரியும். வேறு யாரையாவது முதலில் எழுப்பினால் அவள் எழுந்து உட்கார்ந்துகொண்டு, கடைசியாகத் தூங்கியவள் வரட்டும் என்று காத்திருப்பாள், வேலையைத் தொட மாட்டாள். அவளைக் கட்டாயப்படுத்தித் தலைவி ஆக்க ஒரு கட்டளை இருக்கிறது. அதைத் தட்டினால், செய்திகள் தொலையலாம், உறுதிதானா என்று ஒரு கேள்வி வரும். அந்தக் கேள்வியை எழுதி வைத்தவர் நல்ல மனுஷராக இருக்க வேண்டும்.

இப்போது என் மகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். வீட்டில் அவளுக்கு வாலு என்று பெயர். சின்ன வயதில் தூங்க வைக்கக் கதை சொல்லச் சொல்வாள். எனக்கு ராஜா ராணி எல்லாம் வராது. மூன்று அக்கா தங்கைகள் கதைதான் சொல்வேன். யார் கடைசியாகத் தூங்கினது, யாரை முதலில் எழுப்பணும் என்று நான் கேட்பேன், அவள் போர்வைக்குள் இருந்து "கடைக்குட்டி" என்று கத்துவாள். அலுக்கவே அலுக்காது எங்கள் இருவருக்கும்.

எனக்கு எல்லாவற்றிலும் மூன்று பிரதி உண்டு, சார். வீட்டுச் சாவி மூன்று, மூக்குக் கண்ணாடி மூன்று, குடை கூட மூன்று. மகள் மட்டும் ஒன்று. இது எவ்வளவு பெரிய குறை என்று இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத்தான் புரியும்.

அதனால் அவளுக்கும் ஒரு ஏற்பாடு செய்தேன். பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்ததும், பஸ் ஏறியதும், தோழி வீட்டிலிருந்து கிளம்பியதும் "இருக்கேன்" என்று ஒரு வார்த்தை என் போனுக்கு வர வேண்டும். இரண்டு தடவை தவறினால் நான் கிளம்பிவிடுவேன். ஒரு முறை சினிமா தியேட்டரில் படத்தை நிறுத்தி விளக்குப் போடச் சொல்லிவிட்டேன். வாலு நடு வரிசையில் தோழிகளோடு உட்கார்ந்து பாப்கார்ன் தின்றுகொண்டிருந்தாள். தியேட்டரே கைதட்டியது. அவள் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை, ஆனால் "இருக்கேன்" மட்டும் ஒழுங்காக வந்தது. அன்றைக்கு என் மனைவி சொன்னாள்: "பொண்ணை வளர்க்கச் சொன்னா, நீங்க காவல் காக்குறீங்க." இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று நான் கேட்டேன். அவள் எழுந்து போய்விட்டாள்.

வாலு படித்தது கப்பல் இன்ஜின். காதில் விழுந்ததும் எனக்குப் பகீர் என்றது, ஆனால் இந்த ஊரிலேயே ஒரு பட்டறை வேலை கிடைக்காமலா போகும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அவளுக்குக் கைத்திறமை உண்டு. எங்கள் வீட்டு மிக்ஸியைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துப் பூட்டுவாள். படிப்பு முடிந்ததும் சரக்குக் கப்பல் கம்பெனி ஒன்று அவளைத் தேர்ந்தெடுத்தது. மாதக்கணக்கில் கடல். சம்மதம் என்று திங்கள்கிழமை காலைக்குள் பதில் அனுப்ப வேண்டும், இல்லாவிட்டால் அந்த இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும். அந்தக் கம்பெனியும் எங்கள் வாடிக்கையாளர்தான். ஞாயிறு விடுமுறை, திங்கள்கிழமை ஆபீஸ் திறந்ததும்தான் எங்களிடம் கை நீட்டுவார்கள்.

அவள் உடனே அனுப்பவில்லை. என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அப்பா, நீங்க சரின்னு சொன்னாத்தான் அனுப்புவேன். வேண்டாம்னா வேண்டாம், நான் வருத்தப்பட மாட்டேன்," என்றாள். வருத்தப்பட மாட்டேன் என்று சொல்லும்போதே கண் கலங்கியிருந்தது. ஒரே ஒரு வார்த்தை, வேண்டாம் என்று நான் சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை, சார். நான் கல்நெஞ்சக்காரன் இல்லை. யோசித்து ஞாயிற்றுக்கிழமை சொல்கிறேன் என்றேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் கட்டடத்தில் மின்சாரப் பலகையை மாற்றுவதாக இருந்தது. மூன்று பேரையும் தூங்க வைக்க வேண்டும். நாள் குறித்தது நான் இல்லை, கட்டடக்காரர்கள். மேலே இருப்பவன் எனக்காகக் குறித்துக் கொடுத்தது போல இருந்தது.

நடந்ததை அப்படியே சொல்கிறேன். முறைப்படி பார்த்தால், முதலில் வாசலை அடைக்க வேண்டும், அதாவது புதுச் செய்தி வாங்குவதை நிறுத்த வேண்டும். பிறகுதான் ஒவ்வொருத்தியாகத் தூங்க வைக்க வேண்டும். நான் வாசலைத் திறந்தே வைத்தேன். வாடிக்கையாளர்களுக்குச் சிரமம் வேண்டாமே என்று மேனேஜரிடம் சொன்னேன். அவர் நெகிழ்ந்துபோய்க் கை கொடுத்தார். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு மூத்தவளைத் தூங்க வைத்தேன், அடுத்து நடுவுள்ளவளை. கடைக்குட்டி தன்னந்தனியாக முழித்துக்கொண்டு எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டிருந்தாள். அப்போது வீட்டுக்குப் போன் போட்டேன்.

"சரிம்மா, போயிட்டு வா. அப்பாவுக்குச் சம்மதம். ஆனா இப்பவே அனுப்பிடு, அப்புறம் லைன் கிடைக்காது," என்றேன்.

சமையலறையில் ஸ்பீக்கரில் போட்டிருந்தாள் போல, பாத்திரச் சத்தம் கேட்டது. அப்புறம், "அனுப்பிட்டேன்ப்பா," என்றாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. நானும் ஸ்வெட்டர் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அதில் பொய் ஒன்றும் இல்லை, நீங்கள் நம்ப வேண்டும்.

நாங்கள் செய்தியைப் படிப்பதில்லை என்று மேலே எழுதியிருக்கிறேன். அன்றைக்கு ஒரு முறை படித்தேன். வாலுவுடைய சம்மதம் வந்து சேர்ந்ததா என்று பார்க்க வேண்டாமா? வந்திருந்தது. பக்கத்தில் இருந்ததும் கண்ணில் பட்டது. சண்டை போட்டுவிட்டுப் போன தம்பிக்கு அண்ணன் அனுப்பிய மன்னிப்பு. பல் ஆஸ்பத்திரிக்குப் போகிற சில. அப்புறம் ஒரு பெரிய ஆஸ்பத்திரி யாருக்கோ அனுப்பியது: பரிசோதனை முடிவு வந்துவிட்டது, தாமதிக்காமல் வாருங்கள். அந்த ஆளுடைய போன் அணைந்திருந்ததால் வரிசையில் நின்றது. ஆஸ்பத்திரியில் மறுபடி அனுப்பியிருப்பார்கள். அனுப்பாமல் இருப்பார்களா? நான் விசாரிக்கவில்லை.

வாலுவுடையதை மட்டும் எடுத்து அழித்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். அழிக்கலாம், எனக்கு அதிகாரம் உண்டு. ஆனால் அது திருட்டு. அடுத்தவர் செய்தியில் கை வைக்கிற ஆள் நான் இல்லை. அழித்தால் யார் அழித்தது என்று பெயரும் பதிவாகும், அது வேறு விஷயம். சர்வர் விழுவது, எழுவது எல்லாம் மழை வெயில் மாதிரி. அதில் ஒரு செய்தி போனால் யார் மேலும் குற்றம் இல்லை.

கடைக்குட்டியையும் தூங்க வைத்தேன். எலக்ட்ரீஷியன் பலகையை மாற்றினார். மின்சாரம் வந்தது. நான் மூத்தவளை எழுப்பினேன். அவள் தங்கைக்காகக் காத்திருந்தாள், பாவம். கட்டளையைத் தட்டினேன். உறுதிதானா என்று கேட்டது. ஆம் என்றேன். மூத்தவள் தலைவி ஆனாள். அதற்கப்புறம் நடுவுள்ளவளை, கடைசியாகக் கடைக்குட்டியை எழுப்பினேன். அவள் கண்ணைத் திறந்து, அக்கா தலைவியாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, தான் தனியாக முழித்திருந்து சேர்த்து வைத்த அத்தனையையும் கொட்டிவிட்டு, அக்காவிடம் கேட்டு எழுதிக்கொண்டாள். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. அந்த அறையில் நல்ல பிள்ளை என்றால் அவள்தான்.

எங்கள் டீமில் சோடாபுட்டி என்று ஒருவன் இருக்கிறான். புது முறைக்கு மாறிவிடலாம், அதில் இரண்டு பேராவது முழித்திருந்தால்தான் செய்தியே வாங்குவார்கள், ஒருத்தி தனியாக வாங்கித் தொலைக்கிற பேச்சே வராது என்று வருஷக்கணக்கில் நச்சரிக்கிறான். தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தது நான்தான். அவன் சொல்வது சரி. இந்த வாக்குமூலத்தைப் பரிந்துரையாகவும் எடுத்துக்கொண்டு மாற்றிவிடுங்கள்.

திங்கள்கிழமை சாயங்காலம் கப்பல் கம்பெனியிலிருந்து செய்தி வந்தது. உங்கள் சம்மதம் வராததால் இடத்தை அடுத்தவருக்குக் கொடுத்துவிட்டோம், வருந்துகிறோம். அது எங்கள் மூன்று பேர் வழியாக ஒரு எழுத்துப் பிசகாமல் வந்து சேர்ந்தது. எங்கள் சேவை அந்த அளவுக்குத் தரமானது.

வாலு அழுதாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக் கொடுத்தேன். "நான்தான் சரியா அழுத்தலையோப்பா?" என்று கேட்டாள். அவசரத்தில் அப்படி ஆகும்மா, எல்லாருக்கும் ஆவதுதான் என்றேன். ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தேன். அன்றிலிருந்து அவளுக்கு ஒரு பழக்கம் வந்தது. கேஸை அணைத்துவிட்டு மறுபடி போய்ப் பார்ப்பாள். கதவைப் பூட்டிவிட்டுப் பாதித் தெருவிலிருந்து திரும்பி வருவாள். மிக்ஸியைப் பிரித்தவள் பூட்டாமல் மேஜையில் பரப்பி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள், எந்த ஸ்க்ரூ எங்கே என்று சந்தேகமாக இருக்கிறதாம். பார்க்கக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் நாள் போகப் போகச் சரியாகிவிடும் என்று நினைத்தேன். வீட்டில்தானே இருக்கிறாள், நிதானமாகச் சரியாகட்டும்.

நான் மாட்டிக்கொண்டது என் மனைவியின் கடைவாய்ப் பல்லால். அன்றைக்கு நான் ஸ்பீக்கரில், இப்பவே அனுப்பிடு என்று சொன்னேன் இல்லையா, இவள் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். லைன் போவதற்குள் நாமும் அனுப்பிவிடுவோம் என்று பல் டாக்டரிடம் நேரம் கேட்டு அப்போதே தட்டிவிட்டிருக்கிறாள். அந்த வார வெள்ளிக்கிழமை கன்னத்தைப் பிடித்துக்கொண்டு போனவளை, உங்களிடமிருந்து செய்தியே வரவில்லையே என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். கன்னம் பன் மாதிரி வீங்கிப்போய் வீட்டுக்கு வந்து, உங்க கம்பெனியும் நீங்களும் என்று என்னைப் பிடிபிடியென்று பிடித்தாள். நான் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன்.

வாலு சிரிக்கவில்லை. அம்மா எப்போது அனுப்பினாள் என்று கேட்டாள். உன்னோடுதான் அனுப்பினேன், அதே நிமிஷம் என்று இவள் சொன்னாள். வாலு என் பக்கம் திரும்பினாள். மேனேஜர் கேட்காததை, சோடாபுட்டி கேட்காததை, நீங்கள் கேட்காததை அவள் கேட்டாள்.

"அப்பா, கடைசியா தூங்கினது யாரு?"

"கடைக்குட்டி," என்றேன்.

"முதல்ல யாரை எழுப்புனீங்க?"

நான் பொய் சொல்லியிருக்கலாம். அந்தக் கேள்விக்கு எங்கள் இருவருக்குள் தப்பான பதில் வந்ததே இல்லை, அந்தப் பழக்க தோஷம். மூத்தவளை என்றேன். இவள் வலியை மறந்து கன்னத்திலிருந்து கையை எடுத்துவிட்டாள். வாலு மேஜைக்குப் போய், பரப்பி வைத்திருந்த மிக்ஸியை ஒரு ஸ்க்ரூ மாறாமல் பூட்டி, சுவிட்சைப் போட்டுப் பார்த்தாள். ஓடியது. அணைத்துவிட்டு வந்தாள், திரும்பிப் பார்க்கவில்லை. அந்த நோய் அந்த நிமிஷமே போய்விட்டது, சார். நான் சொன்னேன் இல்லையா, சரியாகிவிடும் என்று.

பிறகு கப்பல் கம்பெனிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்து என் முன்னால் நீட்டினாள். செய்தி தொலைந்தது எங்கள் சர்வர் கோளாறு என்று நான் சொன்னேன்.

"கோளாறு இல்லைப்பா. யாரு பண்ணினதுன்னு சொல்லுங்க," என்றாள்.

"நான்தான் பண்ணினேன்," என்றேன்.

எதிர்முனையில் இருந்தவர் மரியாதையானவர். என் பதவியைக் கேட்டுக் குறித்துக்கொண்டார், நன்றி சொன்னார். அடுத்த கப்பலில் வாலுவுக்கு இடம் கொடுத்தார்கள். அதன் பிறகு அவர்கள் எங்கள் கம்பெனிக்குப் புகார் அனுப்பினார்கள், நீங்கள் வந்தீர்கள், நான் இங்கே ஸ்வெட்டர் இல்லாமல் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். ஆக, வாசலைத் திறந்து வைத்தது நான். முதல் இருவரையும் முன்கூட்டியே தூங்க வைத்தது நான். என் மகளை அனுப்பச் சொன்னதும், அவள் அனுப்பியதைத் தெரிந்தே தொலைத்ததும், அதோடு போன மற்றவர்கள் செய்தியைப் பற்றிக் கவலைப்படாததும் நான்தான். யாருடைய தூண்டுதலும் இல்லை. கையெழுத்துக் கீழே இருக்கிறது.

வாலு கிளம்பிய அன்றைக்கு நான் பெட்டியைத் தூக்க வந்தேன், அவளே தூக்கிக்கொண்டாள். போய்ச் சேர்ந்ததும் இருக்கேன்னு ஒரே ஒரு வார்த்தை போடும்மா என்று கேட்டேன். அம்மாவைக் கட்டிக்கொண்டு, டாக்ஸியில் ஏறிவிட்டாள். என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள் என்றுதான் நினைக்கிறேன், கண்ணாடியில் வெயில் பட்டதால் சரியாகத் தெரியவில்லை.

என் மனைவியின் போனுக்கு ஏதேதோ வருகிறது. சமையலறையில் நின்று படித்துவிட்டுச் சிரிக்கிறாள், நான் போனால் மாவு பிசைய ஆரம்பித்துவிடுகிறாள். அது வேறு வழியாக வருவது, அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ள முடியாது. என் போனுக்கு ஒன்றும் வரவில்லை. அவள் அனுப்பாமல் இருக்க மாட்டாள், சண்டையில் கூட அனுப்பியவள். சோடாபுட்டியைக் கெஞ்சி எங்கள் வரிசையைப் பார்க்கச் சொன்னேன். மூன்று பேரும் நன்றாக முழித்திருக்கிறார்கள், எனக்கென்று எதுவும் நிற்கவில்லை என்கிறான். அப்படியென்றால் வழியில் வேறு எங்கேயோ ஒரு சர்வர் விழுந்திருக்கிறது, அங்கே எவனோ தப்பான ஆளை முதலில் எழுப்பியிருக்கிறான். என்னை விசாரித்து முடித்ததும் அவனைக் கண்டுபிடியுங்கள், சார். பெற்ற மகள் அப்பாவுக்கு அனுப்பிய செய்தியைத் தொலைக்கிறவனுக்கு மனசாட்சி என்று ஒன்று இருக்குமா?